வித்தியாசம் சார்

படியேறிக்கொண்டிருப்பவரைக் கீழிருந்து கூப்பிட்டு நிறுத்துகிறார் கட்டடக் காவலாளி. "என்ன சார், இன்னைக்கு லேட்டா?"

ஏறுகிறவர் நிற்கிறார். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, இன்னொரு கை சுவரில். மூச்சு வாங்குகிறது. ஆனாலும் இந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டுப் போக அவரால் முடியாது.

"லேட் இல்லப்பா, டிலே. லேட்டுன்னா நான் பண்றது. டிலேன்னா பஸ் பண்றது. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

சொல்லும்போது வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒட்டி நிமிர்த்தி, பிறகு கத்தரிக்கோலைத் திறப்பதுபோல் மெல்லப் பிரித்துக் காட்டுகிறார். காவலாளி இதை ஆயிரம் தடவை பார்த்தவர். "சரிங்க சார், டிலேயாவே மேல போங்க" என்று வழிவிடுகிறார்.

அவர் வேலை பார்ப்பது லிஃப்ட் கம்பெனியில். லிஃப்ட்டைப் பொருத்தவும் பழுது பார்க்கவும் ஊரெல்லாம் ஆள் அனுப்புகிற கம்பெனி. அதன் அலுவலகத்துக்குப் படியேறிப் போகிற ஒரே ஆள் அவர்தான். ஏன் என்று கேட்டால், "எக்சர்சைஸ்" என்பார். கேட்டவர் அங்கேயே நிற்காமல் நகர்ந்துவிடுவது நல்லது. நின்றால் எக்சர்சைஸுக்கும் பிராக்டீஸுக்கும் உள்ள வித்தியாசம் தொடங்கிவிடும்.

புதிதாக வேலைக்குச் சேர்கிற யாரும் அவரை முதலில் சந்திப்பது ஒரு திருத்தத்தில்தான். கணக்குப் பிரிவுக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி, "ஒரு சின்ன பிராப்ளம் சார்" என்று தயங்கியபடி அவர் மேசைக்கு வந்தாள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பிராப்ளமா, ட்ரபிளாம்மா? பிராப்ளம்னா தீர்க்கலாம். ட்ரபிள்னா அனுபவிச்சுத்தான் ஆகணும்." அவள் ஒரு நொடி யோசித்து, "வரும்போது பிராப்ளம்தான் சார், இப்போ ட்ரபிள்" என்றாள். அறையே அதிர்ந்தது. அவரும் சிரித்தார். வாய் நிறையச் சிரிக்கிற மனிதர் அவர். சிரித்து முடித்ததும் அந்தப் பதில் சரிதானா என்று கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மற்றபடி ஆளிடம் விசேஷமாக ஒன்றும் இல்லை. ஒல்லியான உடம்பு. கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டை. பையில் ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா. மேசையில் முதுகு உடைந்து துணி ஒட்டிய தடித்த அகராதி ஒன்று. பக்கத்தில் ஒரு மரத்தட்டு. அந்தத் தட்டில்தான் ஊரின் கோபமெல்லாம் வந்து விழுகிறது.

லிஃப்ட் நடுவில் நின்று இருட்டில் மாட்டிக்கொண்டவர், கதவில் புடவைத் தலைப்பு சிக்கிக் கிழிந்தவர், ஐந்தாம் மாடி வரை தண்ணீர்க் குடம் தூக்கியவர் என்று கம்பெனிக்கு எழுதுகிறவர்களுக்கெல்லாம் பதில் எழுதுவது அவர் வேலை. ஆங்கிலத்தில் எழுத வேண்டும். கொதித்து வருகிற கடிதத்துக்கு ஆறிப்போன பதில். முதல் நாள் அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்த அன்றைய மேலதிகாரி ஒரே ஒரு விதியைத்தான் சொன்னார்: "ரிக்ரெட் போடு, அபாலஜி போடாதே. மழை பெஞ்சதுக்குக்கூட ரிக்ரெட் பண்ணலாம். அபாலஜி பண்ணினா மழையே உன்னாலதான்னு ஆயிடும்."

வருத்தம் யாருக்கும் வரலாம். மன்னிப்பைத் தப்பு செய்தவன்தான் கேட்க முடியும். ஆகவே கம்பெனி எப்போதும் வருந்தியது. அவர் கையால், நல்ல ஆங்கிலத்தில், வருடக்கணக்காக வருந்திக்கொண்டே இருந்தது.

அவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான். அதைச் சொல்லும்போது இப்போதும் முதுகு தானாக நிமிர்கிறது. சேர்ந்த முதல் வாரம், பாடம் நடத்திய ஆசிரியர் "என்னப்பா, கவனம் எங்கே?" என்று கேட்க, எழுந்து நின்று, "ஐ ஆம் ஹியரிங் சார்" என்றார். "ஹியர் பண்றதுக்குக் காது போதும். லிசன் பண்ணத்தான் ஆள் வேணும்" என்றார் ஆசிரியர். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. முகத்தில் ஈயாடாமல் உட்கார்ந்தவர், அன்று மாலையே நூலகத்தில் போய் அகராதியைப் பிரித்தார். பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒன்றுபோலவே முழிக்கிற சொற்களை இரண்டிரண்டாகப் பிடித்துவந்து, எது எதுவென்று அடையாளம் பார்க்கத் தொடங்கினார். ஆட்டு மந்தையில் தன் ஆட்டை இனங்காண்கிற வீட்டில் பிறந்தவர். அந்தக் கண் சொற்களிலும் வேலை செய்தது. அப்பாவிடமிருந்து காணி நிலம் வரவில்லை. இந்த வித்தியாசங்கள்தான் அவர் சம்பாதித்த சொத்து.

அந்தச் சொத்தைப் பார்த்து மலைத்துப்போன முதல் ஆள் தம்பி.

தம்பிக்குப் பாடம் தலையில் ஏறவில்லை. ஆனால் எந்த மோட்டாரையும் கழற்றித் தரையெல்லாம் பரப்பிவிட்டு, கதை பேசிக்கொண்டே திரும்ப மாட்டிவிடுவான். அண்ணன் விடுமுறைக்கு வந்தால் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்பான். "அண்ணே, சீ-க்கும் லுக்-குக்கும் என்னண்ணே?" "சீ தானா நடக்கும்டா. லுக் நாமதான் பண்ணணும்." "சாமி, எப்படிண்ணே இதெல்லாம் தலைக்குள்ள நிக்குது?" வித்தியாசம் என்ற பட்டப்பெயரை வைத்ததே அவன்தான். பிற்பாடு அண்ணன் சொல்லி அதே கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்தபோது, கையோடு அந்தப் பெயரையும் கொண்டுவந்து அலுவலகம் முழுக்கப் பரப்பிவிட்டான். "எங்க வித்தியாசம் அண்ணனைக் கேளுங்க, புட்டுப் புட்டு வெப்பாரு" என்று கிரீஸ் கையோடு மாடிக்கு ஆள் கூட்டிவருவான்.

இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தன. முன்பக்கம் அண்ணன், பின்பக்கம் தம்பி, நடுவில் ஒரே சமையலறை. அண்ணன் மனைவிக்கு நாக்கில் நல்ல கூர். ஒருநாள் தலைவலியோடு படுத்திருந்தவள், "நீங்கல்லாம் கிளம்பிட்டா பகல் பூரா லோன்லியா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அவர் செருப்பை மாட்டியபடியே, "அது அலோன். லோன்லிங்கிறது வேற" என்றார். அவள் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "ஆமாங்க, வேறதான். நீங்க ஆபீஸ் போனா நான் அலோன், நிம்மதி. நீங்க பக்கத்துல உட்கார்ந்து இப்படி அர்த்தம் சொல்றீங்களே, அப்போதான் லோன்லி." பின்பக்கத்திலிருந்து தம்பி கை தட்டினான். "அண்ணி, இதை அகராதியிலேயே சேர்த்துடலாம்!"

அந்த வீட்டில்தான் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது தம்பி அந்தப் பூட்டைப் பற்றிச் சொன்னான். "அண்ணே, மஞ்சக் கட்டடத்து லிஃப்ட்ல கீழ்த்தளக் கதவுப் பூட்டு தேஞ்சுபோச்சு. லிஃப்ட் மேல நிக்கும்போதே கதவு திறந்துக்குது. யாராச்சும் பார்க்காம காலை வெச்சா உள்ள பள்ளம்தான். ஸ்டோர்ல கேட்டா புதுப் பூட்டு இல்ல, இருக்கிறதை வெச்சு ஓட்டுங்கிறான். ரெண்டு தடவை கம்ப்ளெயிண்ட் பண்ணிட்டேன்."

"நீ பண்ணது ரிக்வெஸ்ட்டுடா. கம்ப்ளெயிண்ட் இல்ல" என்றார் அண்ணன், சோற்றைப் பிசைந்தபடி.

"ஏதோ ஒண்ணு. பூட்டு வந்தா சரி."

பூட்டு வரவில்லை. தம்பி லிஃப்ட்டை நிறுத்தி, 'பயன்படுத்தக் கூடாது' என்று பலகை மாட்டினான். குடியிருப்பவர்கள் கொதித்து எழுதிய கடிதம் அண்ணனின் தட்டுக்கு வந்தது. பலகையைக் கழற்றி லிஃப்ட்டை ஓட்டச் சொல்லிவிட்டதாக மேலாளர் தகவல் சொன்னார். அண்ணன் பதில் எழுதினார்: ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், இன்று மாலைக்குள் லிஃப்ட் இயங்கும். எழுதும்போது அந்தப் பூட்டு நினைவுக்கு வந்ததா? வந்தது. வந்து, 'சிரமம்' என்பதற்கு இன்கன்வீனியன்ஸ் போடுவதா, டிஃபிகல்ட்டி போடுவதா என்ற யோசனையில் கரைந்துபோயிற்று.

மாலைக்குள் லிஃப்ட் ஓடியது. அடுத்த வாரம் அந்தக் கட்டடத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பின்னால் வந்த யாரிடமோ பேசிக்கொண்டே கதவைத் திறந்து காலை வைத்தார். லிஃப்ட் மேலே நின்றது. கீழே இடுப்பளவுப் பள்ளம். தொடையெலும்பு முறிந்தது.

மறுநாள் மத்தியானம் மேலாளர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசைமேல் கட்டட நிர்வாகிகளுக்கு அனுப்ப வேண்டிய விளக்கம், பாதி எழுதியபடி.

"உட்காருங்க சார். உங்க தம்பின்னு எனக்குத் தெரியும். அதனாலதான் உங்களையே எழுதச் சொல்றேன். வேற ஆள் எழுதினா கொஞ்சம்கூட இரக்கம் பார்க்க மாட்டான்."

விளக்கத்தில் ஓர் இடத்தில் அவர் கண் குத்திட்டு நின்றது. மெக்கானிக்கின் நெக்லிஜென்ஸ் காரணமாக, என்று இருந்தது. "சார், இது ரொம்பப் பெரிய வார்த்தை. செய்ய வேண்டிய கடமையைச் செய்யாம விட்டான்னு அர்த்தம். கோர்ட்டு வரைக்கும் இழுக்கிற வார்த்தை."

"அப்போ என்ன போடலாம்ங்கிறீங்க?"

அவர் ஓடிப்போய் அகராதியைத் தூக்கிவந்தார். இரண்டு விரல்களை ஒட்டிப் பிரித்தார். கேர்லெஸ்னஸ் என்பது சும்மா ஒரு நேரத்துக் கவனமின்மை, யாருக்கும் வரக்கூடியது, ஆளைக் கெட்டவனாக்காது என்று விளக்கினார். பக்கத்தைப் புரட்டி உதாரணங்களை வாசித்தார். வாழ்நாளில் அவ்வளவு உயிரைக் கொடுத்து அவர் எதற்காகவும் வாதாடியதில்லை. மேலாளர் முதலில் மறுத்தார், பிறகு இழுத்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில், "சரி சார், உங்க இஷ்டம். வார்த்தையில உங்களை மிஞ்ச இங்க ஆள் உண்டா? கேர்லெஸ்னஸ்னே போட்டுடுங்க" என்று பேனாவை நீட்டினார்.

பூட்டு என்ற சொல் அந்த அறையில் ஒருமுறைகூட எழவில்லை. அவரும் எழுப்பவில்லை.

அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்த நடையைப் பார்த்தவர்கள், பதவி உயர்வு ஏதோ கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். பின்பக்கக் குழாயடியில் தம்பி சோப்புத்தூளைப் போட்டுக் கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே எழுதினே?"

அவர் நின்றபடியே முழுவதும் சொன்னார். முதலில் இருந்த சொல் எப்படிப்பட்டது, அதை எப்படி எதிர்த்தார், அகராதியில் என்ன போட்டிருந்தது, மேலாளர் எப்படி இறங்கிவந்தார் எல்லாவற்றையும். "பல்லும் நகமுமா சண்டை போட்டு மாத்தினேன்டா. நெக்லிஜென்ஸுக்கும் கேர்லெஸ்னஸுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்."

தம்பி நுரைக் கையோடு அப்படியே உட்கார்ந்து கேட்டான். முடியும்வரை கேட்டான்.

"நான் ரெண்டும் இல்லண்ணே."

"அது எனக்குத் தெரியாதாடா? ஆனா ரெண்டுல ஒண்ணு எழுதியே ஆகணும்னு வரும்போது..."

"ரெண்டுல ஒண்ணுன்னு யாரு சொன்னா?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வாழ்க்கை முழுக்க இரண்டிரண்டாகவே சொற்களைப் பிடித்துப் பழகியவருக்கு, மேசைமேல் வைக்கப்பட்ட இரண்டுமே பொய்யாக இருக்கலாம் என்பது அந்த மத்தியானம் முழுக்கத் தோன்றவேயில்லை. தோன்றாமல் போயிற்றா, தோன்றவிடாமல் வைத்திருந்தாரா என்று அவரைக் கேட்டால், இன்றைக்கு அவரே பதில் சொல்லத் தயங்குவார்.

"எனக்கும் வருத்தமாத்தான்டா இருக்கு" என்றார் கடைசியில்.

தம்பி கையைக் கழுவினான். துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைத்தான். "வருத்தமா? அதைத்தான் தினமும் எல்லாருக்கும் எழுதி அனுப்புறீங்களே சார்" என்றான்.

நீ என்று பேசியவன் நீங்கள் என்றான். அண்ணே என்று கூப்பிட்டவன் சார் என்றான்.

கேர்லெஸ்னஸ் என்ற அந்தச் சின்னச் சொல்லே தம்பியை வேலையிலிருந்து நீக்கப் போதுமானதாக இருந்தது. வேறு லிஃப்ட் கம்பெனிகளுக்குப் போனான். முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிப்பார்கள் அல்லவா? விசாரித்த இடத்திலெல்லாம் அவனுக்கு முன்னால் அந்தச் சொல் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. பின்பக்கத்தைக் காலிசெய்துகொண்டு, ஊரின் இன்னொரு கோடியில் ஃபேன், வாஷிங் மெஷின், தண்ணி மோட்டார் பழுது பார்க்கிற சின்னக் கடை ஒன்றைப் போட்டான்.

அலுவலகக் கட்டடத்து லிஃப்ட்டையும் அவன்தான் கவனித்துவந்தான். இப்போது வேறு ஆள் கவனிக்கிறார். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் உள்ளே கண்மட்டத்தில் பராமரிப்பு அட்டை ஒன்று தொங்குகிறது. தம்பியின் கோணல் கையெழுத்து வரிசையாக இறங்கிவந்து, ஓரிடத்தில் நின்று, அதற்குக் கீழே வேறு கையெழுத்து தொடங்குகிறது. ஏறி நின்றால் இறங்கும்வரை அந்த இடத்தைத்தான் பார்த்தாக வேண்டும். அன்றிலிருந்துதான் அவருக்கு எக்சர்சைஸ்.

"போய் மன்னிப்பு கேட்டுட்டு வாங்க" என்றாள் மனைவி.

"அன்னைக்கே கேட்டேனே."

"நீங்க சொன்னது வருத்தம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குன்னு எங்களுக்கெல்லாம் கிளாஸ் எடுத்தது யாருங்க?"

அந்த வாரமே அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து கம்பெனி இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதினார். பூட்டைப் பற்றி, ஸ்டோரைப் பற்றி, கழற்றச் சொன்ன பலகையைப் பற்றி, மாலைக்குள் இயங்கும் என்று தான் எழுதிய பதிலைப் பற்றி எல்லாம் எழுதினார். தவறு மெக்கானிக்கினுடையது அல்ல என்று எழுதினார். அபாலஜி என்ற சொல்லைத் தன் கைப்பட முதன்முறையாக எழுதியபோது பேனா தடுக்கியது.

தொலைபேசியில் கத்துகிறவர்களை ஓயவைக்க, "இயக்குநருக்கே எழுதுங்க, நிச்சயம் பார்ப்பாங்க" என்று அவரே பலருக்கு யோசனை சொல்லியிருக்கிறார். இயக்குநருக்கு வருகிற கடிதங்கள் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினார். தன்னுடையதையாவது ஒருவர் படிப்பார் என்று நம்பினார். எழுதுகிற ஒவ்வொருவரும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள் என்பது அதுவரை அவர் யோசிக்காத விஷயம்.

கடிதம் நாலைந்து நாளில் அவருடைய தட்டிலேயே வந்து விழுந்தது. பிரித்து, முத்திரை குத்தி, ஓரத்தில் மேலாளரின் பென்சில் கிறுக்கலோடு: வழக்கமான பதில் அனுப்பவும். அனுப்பியவர் யார் என்று மேலாளர்கூடப் பார்த்திருக்கவில்லை.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு மேலாளர் அறைவரை போனார். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே மேலாளர் யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார். தன் ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான் என்பது இவருக்கு நினைவுக்கு வந்தது. கதவோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் தட்டு காலியாக வேண்டும். அதுதான் பிரிவின் வழக்கம். கை தானாக வேலை செய்தது: தங்கள் கடிதம் கிடைத்தது, தங்களுக்கு ஏற்பட்ட மனத்துயரத்துக்கு ஆழ்ந்து வருந்துகிறோம்.

பதில் வீட்டுக்குத் தபாலில் வந்தது. மனைவி பிரித்து நீட்ட, அவர் தமிழில் சொல்லிக்காட்டினார். அவள் கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "எவ்வளவு மரியாதையா எழுதியிருக்காங்க. யாருங்க எழுதினது?"

"நான்தான்."

அவளுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. பாதியில் நின்றுவிட்டது. எழுந்துபோய்ப் பின்பக்கக் கதவைத் திறந்து, காலியாகக் கிடந்த அந்த அறையைப் பெருக்க ஆரம்பித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னறை ஃபேனைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். தம்பி கடையில் தனியாகத்தான் இருந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

"வாங்க சார். என்ன ரிப்பேர்?"

"ஓட மாட்டேங்குது."

தம்பி மூடியைக் கழற்றினான். ஒரு பார்வைதான். "இது தானா போனது இல்ல சார். ஒயரை யாரோ புடுங்கி விட்டிருக்காங்க."

"நான்தான்டா புடுங்கினேன்."

தம்பியின் கை நின்றது. அவர் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டார். "அந்த லெட்டரையும் நான்தான்டா எழுதினேன். யாரும் என் கையைப் புடிச்சு எழுதவைக்கல. உன்மேல தப்பே இல்லன்னு நல்லாத் தெரிஞ்சுதான் எழுதினேன். உன்னைக் காப்பாத்துறதா நெனச்சு என்னைக் காப்பாத்திக்கிட்டேன். என்னை மன்னிச்சிடுடா."

தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தம்பி குனிந்து ஒயரை முறுக்கி, டேப் சுற்றி, மூடியைப் போட்டு, ஒவ்வொரு திருகாணியாக முடுக்கினான். ஃபேனை ஓடவிட்டுப் பார்த்தான். காற்று இருவர் முகத்திலும் அடித்தது.

"ஆச்சு சார். எடுத்துட்டுப் போங்க."

அதற்குப் பிறகும் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறார். எதையும் பிடுங்கி எடுத்துக்கொண்டு போவதில்லை. சும்மா போகிறார். முதலில் வாசலில் நின்றார். பிறகு ஒருநாள் கடைக்குள் ஒரு முக்காலி காலியாகக் கிடந்தது. அது தனக்காகப் போட்டதா, வெறுமனே கிடந்ததா என்று அவர் ஆராயவில்லை. உட்கார்ந்துகொண்டார். மோட்டாரின் வயிற்றுக்குள் கைவிட்டு வேலை செய்யும்போது தம்பிக்கு வெளிச்சம் வேண்டியிருக்கிறது. டார்ச்சைப் பிடிப்பது இவர் பொறுப்பு. "மேல", "இந்தப் பக்கம்", "போதும் சார்." இவ்வளவுதான் பேச்சு.

இப்போதும் அவர் அதே மேசையில்தான் இருக்கிறார். தட்டு நிரம்புகிறது, காலியாகிறது. படியில் காவலாளி கேட்கிறார், அவர் நின்று பதில் சொல்கிறார். மனைவி பின்பக்க அறையை வாடகைக்கு விட மறுத்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, பழுது பார்க்கக் கொடுத்த வாஷிங் மெஷின் மோட்டாரைத் திரும்ப வாங்க வந்த அம்மாள் ஒருவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்ப்பா, இவர் உன் அண்ணனா? அதே நெத்தி, அதே மூக்கு. அச்சுல வார்த்த மாதிரி இருக்கே."

தம்பி தலையைத் தூக்கவில்லை. "தெரிஞ்சவர்மா" என்றான்.

முக்காலியில் இருந்தவரின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒட்டி நிமிர்ந்தன. ஒரு கணம் அப்படியே நின்றன. பிறகு மடங்கி, டார்ச்சைச் சுற்றி இறுகின. தன் கையின் நிழல் தம்பியின் விரல்மேல் விழாதபடி, வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார்.